கூட்டாளி பிஸ்னஸ் பேச வந்தா என்ன பண்றது

"ஏய் எப்படி இருக்க, ரொம்ப நாளாச்சு, சனிக்கிழம ப்ரீயா, ஒரு தே குடிக்கலாமா?" நாலு வருஷமா ஒரு தீபாவளி வாழ்த்து கூட அனுப்பாத கூட்டாளி கிட்ட இருந்து இப்படி ஒரு மெசேஜ் வந்தா சந்தோஷமாத்தான் இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள ஒரு மூலைல என்னமோ உறுத்தும். அந்த உறுத்தல தள்ளிவிடாதீங்க. ஆள் சேத்து பொருள் விக்கற எம்எல்எம் பிஸ்னஸுக்கு இழுக்கறதுக்கும் இப்படித்தான் கூப்பிடுவாங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே திருப்பி கேட்டுருங்க: "வர்றேன் டி, ஒன்னே ஒன்னு சொல்லு, பிஸ்னஸ், ப்ரொடக்ட் ஏதாச்சும் பேசவா?" இல்லன்னு சொன்னா போங்க, நல்லா உக்காந்து கதை பேசுங்க. "நேர்ல வா சொல்றேன்"னு வந்தா அது ஆமான்னுதான் அர்த்தம். அப்போ "தே குடிக்க வர்றேன், பிஸ்னஸ் பேச்சு மட்டும் வேணாம்"னு எழுத்துல போட்டுட்டு போங்க. பின்னாடி அங்க உக்காந்து சங்கடப்படறதுக்கு இந்த ஒரு வரி எவ்வளவோ மேல்.

நான் இத கேக்காம போனவ. பினாங்கு பாயான் லெப்பாஸ்ல பேக்டரில மூணு வருஷம் ஒரே லைன்ல நின்னவ என் கூட்டாளி, நைட் ஷிப்ட் முடிஞ்சு பேக்டரி பஸ்ல பாலம் தாண்டி வரும்போது என் தோள்ல சாஞ்சு தூங்குவா. பட்டர்வொர்த்ல ஒரு மாமாக் கடைக்கு கூப்பிட்டா, போனா அவ பக்கத்துல டை கட்டின ஒரு அண்ணனும் ஒரு அக்காவும் உக்காந்திருந்தாங்க, மேசைல ரோத்தி சானாய் தட்டுக்கு பக்கத்துலயே லேப்டாப் திறந்திருந்துச்சு. ஒன்றரை மணி நேரம் பேசினாங்க. அவ பேசவே இல்ல, என் முகத்தையே பாத்துட்டு இருந்தா. அவளுக்காகத்தான் 380 வெள்ளி குடுத்து ஒரு செட் வாங்கினேன், பவுடர் டின் ரெண்டு, சோப்பு நாலு, ஒரு பாட்டில் என்னமோ எண்ணெய். வாங்கிட்டா விட்டுருவாங்கன்னு நினைச்சேன். அடுத்த மாசம் பத்தாம் தேதி திரும்ப போன், "இந்த மாசம் பாயிண்ட் குறையுது, ஒரே ஒரு செட் எடுத்துக்கோ டி, இல்லன்னா என் ரேங்க் போயிரும்". அந்த டின் ரெண்டும் எக்ஸ்பைரி ஆகற வரைக்கும் எங்க வீட்டு அலமாரில மூடி திறக்காமலே இருந்துச்சு.

அதனால முதல்ல இத சொல்லிர்றேன், பாவம்னு வாங்கற அந்த முதல் செட்டுதான் எல்லாத்தையும் கெடுக்குது. நீங்க உதவி பண்றதா நினைக்கிறீங்க, அவங்கள சேத்து விட்டு மேல இருக்கற அப்லைன் கணக்குல நீங்க வாங்கற ஆளு. இன்னொன்னு, உங்க 380 வெள்ளி அவளுக்கு இன்னும் மூணு மாசம் நம்பிக்கை குடுக்கும், அந்த மூணு மாசத்துல அவ தன் கை காச இன்னும் போடுவா. நான் வாங்காம இருந்திருந்தா அவ சீக்கிரம் யோசிச்சிருப்பாளோன்னு இன்னைக்கும் மனசுல ஓடுது. உண்மையாவே உதவி பண்ணணும்னா கஷ்டத்துல இருக்கும்போது ஒரு அம்பது வெள்ளிய கைல குடுங்க, வீட்டுக்கு ரெண்டு சாமான் வாங்கி குடுங்க, பொருள வாங்காதீங்க.

வேணாம்னு எப்படி சொல்றதுன்னுதான் நெறைய பேரு கேக்கறாங்க. காரணம் சொல்லாதீங்க, அவ்வளவுதான். "காசு இல்ல"ன்னா "காசு இல்லாததுக்குத்தான் இந்த பிஸ்னஸ்"னு வரும், "டைம் இல்ல"ன்னா "பார்ட் டைமா பண்ணு, பின்னாடி டைமே உன் கைல"ன்னு வரும், "வீட்டுக்காரர கேக்கணும்"னா "அண்ணனையும் கூட்டிட்டு வா"ன்னு வரும், எனக்கு பேச வராதுன்னா ட்ரெய்னிங் இருக்கும்பாங்க. நீங்க சொல்ற ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் செமினார்லயே சொல்லிக் குடுத்திருப்பாங்க, மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்திருப்பாங்க. வெறும் வேணாமுக்கு மட்டும் பதில் கிடையாது. "எனக்கு வேணாம் டி. நீ பண்ணு, அது உன் இஷ்டம், எனக்கு வேணாம்." ஏன்னு கேட்டா "வேணாம்னு தோணுது"ன்னு திரும்ப அதே குரல்ல சொல்லுங்க. கோவப்பட வேணாம், சிரிச்சு மழுப்பவும் வேணாம். "பாக்கறேன்", "அடுத்த மாசம் சொல்றேன்"னு மட்டும் சொல்லிராதீங்க, அந்த அடுத்த மாசம் கரெக்டா வரும்.

சொந்தக்காரங்க, பெரியவங்கன்னா இதே வார்த்தைய அப்படியே சொல்ல முடியாது. நம்ம ஆளுங்க மத்தியில இது ஏன் இவ்வளவு வேகமா பரவுதுன்னா எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழில வேண்டியவங்க, ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே தாமான், ஒரே கோயில் கமிட்டி, தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைல ஒரே தண்ணீர்ப் பந்தல். அத்தை கேட்டா எப்படி முடியாதுங்கறது. நான் என் அத்தை கிட்ட சொன்னது இது: "அத்தை, நீங்க எது கேட்டாலும் செய்வேன், ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணுமா வர்றேன். வியாபாரம் மட்டும் சொந்தத்துக்குள்ள வேணாம்னு நான் ஒரு முடிவு எடுத்துட்டேன், யார் கேட்டாலும் இதேதான் சொல்றேன்." யார் கேட்டாலும்ங்கற வார்த்தைய விட்டுறாதீங்க, அப்பத்தான் தன்ன மட்டும் ஒதுக்கிட்டான்னு அவங்களுக்கு தோணாது. வேலை இடத்துல சூப்பர்வைசர் விக்கிறாருன்னா இன்னும் சிக்கல், அங்க "சார், வீட்டுல ஏற்கனவே கட்டுப்பாடா இருக்கோம், வேணாம் சார்"னு ஒரு தடவ சொல்லிட்டு வேலைக்கு திரும்பிருங்க, நின்னு பேசாதீங்க.

மாமாக் கடை மேசைல ஏற்கனவே மாட்டிக்கிட்டீங்கன்னா? எழுந்திருக்கலாம், யாரும் கைய புடிச்சு உக்கார வைக்கப் போறதில்ல. உங்க தே காச நீங்களே குடுங்க. கூட்டாளிய தனியா கூப்பிட்டு "உன்ன பாக்கத்தான் வந்தேன், இவங்கள பாக்க வரல, நாளைக்கு நம்ம ரெண்டு பேரு மட்டும் பேசலாம்"னு சொல்லுங்க. அந்த அண்ணன் கிட்ட வாதாடாதீங்க, ஒரு நாளைக்கு அஞ்சு பேரு கிட்ட பேசற ஆளு அவரு. முக்கியமா ஐசி, அதான் அடையாள கார்டு, அந்த நம்பர் குடுக்காதீங்க, ஐசிய போட்டோ புடிக்க விடாதீங்க. "சும்மா இடம் புடிச்சு வைக்கிறோம், பிடிக்கலன்னா கேன்சல் பண்ணிக்கலாம்"பாங்க, அப்படி என் தங்கச்சி பேர்ல ஒரு மெம்பர்ஷிப் இருக்குதுன்னு அவளுக்கு எட்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு.

செமினாருக்கு மரியாதைக்காக போகாதீங்க. ஹோட்டல் ஹால்ல ஏசிய குளிரா போட்டு பாட்டு போட்டு எழுந்து நின்னு கை தட்ட வச்சு, மேடைல ஒருத்தர் எஸ்டேட்ல பொறந்து இன்னைக்கு பெரிய காடி ஓட்டறேன்னு அழுதுகிட்டே சொல்லும்போது யாருக்கும் மனசு இளகத்தான் செய்யும், அது உங்க பலவீனம் இல்ல, அந்த ஹாலயே அப்படித்தான் ஏற்பாடு பண்ணியிருக்காங்க. கண்டிப்பா போய்த்தான் ஆகணும்னா உங்க சொந்த காடில போங்க, கேஎல்ல இருக்கறவங்க எல்ஆர்டில போங்க, பேங்க் கார்ட வீட்டுல வச்சிட்டு போங்க, அன்னைக்கு எதுலயும் சைன் வைக்காதீங்க. அவங்க காடில போனா அவங்க விடற நேரத்துக்குத்தான் வீடு.

வாட்ஸ்அப் க்ரூப்ல கேக்காம சேத்து விட்டாங்கன்னா சத்தமில்லாம வெளிய வந்துருங்க. செட்டிங்ஸ்ல ப்ரைவசிக்கு போய் க்ரூப்ல யாரெல்லாம் உங்கள சேக்கலாம்னு மாத்திக்கலாம், குறிப்பிட்ட ஆளுங்கள மட்டும் தவிர்க்கவும் வழி இருக்கு. ஸ்டேட்டஸ் தொல்லைன்னா மியூட் போடுங்க, ப்ளாக் வேணாம், ப்ளாக் பண்ணா தெரிஞ்சுரும், அதோட பேச்சு முறிஞ்சுரும்.

இப்ப நான் ரொம்ப கோவமா எழுதப் போற விஷயம், மருந்து. எங்க அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கு, அரசாங்க கிளினிக் கேசிஹாத்தான்ல குடுக்கற மெட்பார்மின் மாத்திரைய ரெண்டு வேளையும் சாப்பிடறாங்க. ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்தா மாத்திரை பட்டை அப்படியே இருக்கு, மூணு நாளா ஒன்னு கூட பிய்க்கல, பக்கத்துல ஒரு பச்சைப் பொடி பாக்கெட்டு. கோயில்ல பழக்கமான ஒரு அக்கா குடுத்தாங்களாம், "இத குடிங்க, இங்கிலீஷ் மருந்து கிட்னிய கெடுத்துரும்"னு சொன்னாங்களாம். சுகர் பாத்தா 19, இருக்க வேண்டியத விட ரொம்ப அதிகம். பினாங்கு ஆஸ்பத்திரில அம்மாவோட ராத்திரி உக்காந்திருந்தேன். அந்த அக்கா கெட்டவங்க இல்ல, அவங்களுக்கு மேல இருக்கறவங்க சொன்னத நம்பி அம்மாவுக்கு நல்லதுன்னுதான் குடுத்திருக்காங்க, அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.

உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்க கிட்ட இன்னைக்கே பேசுங்க. யார் எது குடுத்தாலும் டாக்டர் குடுத்த மருந்த மட்டும் நிறுத்தக் கூடாதுன்னு. மாத்திரை, பொடி, கேப்சூல் எதுவா இருந்தாலும் டப்பாவுல MALனு ஆரம்பிச்சு எட்டு நம்பர் போட்டு கடைசில ஒரு எழுத்து இருக்கான்னு பாருங்க, பாரம்பரிய மருந்துன்னா T, சப்ளிமென்ட்னா N. அந்த நம்பர, மருந்துங்கள பதிவு பண்ற அரசாங்க அமைப்பு என்பிஆர்ஏ (NPRA) வெப்சைட்ல போட்டு தேடினா பொருள் பேரு வரணும், வேற பேரு வந்தாலோ ஒன்னுமே வரலன்னாலோ வீட்டுக்குள்ள விடாதீங்க. நம்பர் இருந்தாலும் அது பதிவு ஆன பொருள்னுதான் அர்த்தம், இனிப்பு நீர குணப்படுத்தும்னு அர்த்தம் இல்ல. "சுகர், கேன்சர் எல்லாம் போயிரும்"னு யாராச்சும் சொன்னா அந்த இடத்துலயே பேச்ச நிறுத்துங்க, அங்க மட்டும் நான் மரியாதை பாக்க மாட்டேன்.

"இது லைசென்ஸ் உள்ள கம்பெனி"ன்னு கூட்டாளி சொன்னா அது பெரும்பாலும் உண்மையாத்தான் இருக்கும். நம்ம நாட்டுல நேரடி விற்பனைக்கு 1993ஆம் வருஷத்து சட்டம் இருக்கு, லைசென்ஸ் வாங்கின கம்பெனிக்கு ஏஜேஎல் (AJL)னு ஆரம்பிக்கற நம்பர் குடுப்பாங்க, உள்நாட்டு வாணிப அமைச்சு கேபிடிஎன் (KPDN) வெப்சைட்ல பேர போட்டு பாக்கலாம். பிரமிட் திட்டம் அதே சட்டத்துல குத்தம், தனி ஆளுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். வித்தியாசம் எங்கன்னா, பொருள் வித்து காசு வருதா, இல்ல ஆள் சேத்தா காசு வருதாங்கறதுல. ஆனா லைசென்ஸ் இருக்கறதால உங்க கூட்டாளிக்கு லாபம் வரும்னு எந்த அரசாங்கமும் சொல்லல.

கணக்க நீங்களே போட்டு பாருங்க. ஒருத்தர் 6 பேர சேத்து, அந்த ஆறு பேரும் ஆளுக்கு 6 பேர சேத்து போனா, எட்டாவது வரிசை முடியும்போது 20 லட்சத்து 15 ஆயிரம் பேருக்கு மேல வேணும். மலேசியால இருக்கற இந்தியர் மொத்தமே சுமாரா 20 லட்சம்தான், கைக்குழந்தைல இருந்து தாத்தா பாட்டி வரைக்கும். பத்தாவது வரிசைக்கு மட்டும் ஆறு கோடி பேரு வேணும், மூணு இனத்தையும் சேத்தாலும் நாட்டுல அதுல பாதிக்கு கொஞ்சம் மேலதான் ஆளு இருக்கு. அப்ப கடைசியா சேர்ந்தவங்க யார் கிட்ட விப்பாங்க? நம்ம தாமான்ல நாலு வீட்டுக்கு ஒரு வீடு ஒரே சோப்பு விக்கறதுக்கு காரணம் இதுதான்.

இந்தக் கணக்க கூட்டாளி மூஞ்சில அடிக்கற மாதிரி சொல்லாதீங்க. நாலு பேரு முன்னாடி சொன்னா அவ இன்னும் இறுக்கமா புடிச்சுக்குவா, "உன்ன மாதிரி நெகடிவ் ஆளுங்கள தள்ளி வைக்கணும்"னு அங்க ஏற்கனவே சொல்லிக் குடுத்திருப்பாங்க. நான் செஞ்சது வேற. ஒரு ஞாயித்துக்கிழம அவ வீட்டுக்கு போனேன், பிள்ளைங்க தூங்கினப்புறம் ஒரு பழைய ஸ்கூல் புஸ்தகத்த எடுத்து "போன மாசம் எவ்வளவு வந்துச்சுன்னு சொல்லு, எழுதறேன்"னு கேட்டேன். போனஸ் 210 வெள்ளி. அப்புறம் "எவ்வளவு போச்சு?"ன்னு கேட்டேன், ரேங்க் போகாம இருக்க மாசா மாசம் வாங்கற மெயின்டனன்ஸ் 300, செமினார் டிக்கெட் 80, பெட்ரோல், டோல், ஆளுங்கள கூப்பிட்டு தே வாங்கி குடுத்தது, எல்லாம் அவ வாயாலயே சொன்னா. நான் கூட்டிக் கூட காட்டல. பேனாவ அவ கைலயே குடுத்தேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துட்டு இருந்தா. அன்னைக்கே விடல, அதுக்கப்புறம் அஞ்சு மாசம் ஆச்சு. ஒரு தடவ செஞ்சா போதும், வாரா வாரம் புஸ்தகத்த தூக்கிட்டு போனா நீங்களும் அவங்களுக்கு ஒரு அப்லைன் மாதிரிதான்.

பொருளே இல்லாம "காசு போடு, மாசம் இத்தன பர்சன்ட்"னு பேச்சு வந்தா அது வேற விஷயம், அங்க கூட்டாளி, சொந்தம் எதுவும் பாக்காம தெளிவா நில்லுங்க. நம்ம பினாங்குல இருந்து கிளம்பின ஜேஜேபிடிஆர் திட்டம் ஞாபகம் இருக்கும், மாசம் 20 பர்சன்ட்னு சொல்லி 2017 ஏப்ரல்ல கணக்க ஹேக் பண்ணிட்டாங்கன்னு கைய விரிச்சாங்க. யாராச்சும் ஒரு பேரு சொன்னா நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாராவோட எச்சரிக்கை பட்டியல்லயும் செக்யூரிட்டிஸ் கமிஷன் பட்டியல்லயும் தேடிப் பாருங்க, பட்டியல்ல இல்லன்னா நல்லதுன்னு எடுத்துக்காதீங்க, புதுசா ஆரம்பிச்சது இன்னும் ஏறியிருக்காது. ஏமாத்திட்டாங்கன்னு தெரிஞ்சு காச இப்பத்தான் பேங்க்ல அனுப்பியிருந்தா மோசடிக்குன்னே இருக்கற 997 நம்பருக்கு உடனே அடிங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அப்புறம் போலீஸ் ரிப்போர்ட்.

மூணு விஷயத்துக்கு எந்த கூட்டாளிக்கும் தலையாட்டாதீங்க. உங்க க்ரெடிட் கார்ட்ல ஸ்வைப் பண்ணிக் குடுக்கறது, லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போடறது, இபிஎஃப் காச எடுக்கறது. 2024 மே மாசத்துல இருந்து இபிஎஃப்ல மூணாவது கணக்கு ஒன்னு வந்துச்சு, அதுல இருந்து எப்ப வேணாலும் எடுக்கலாம், அது வந்த மறு வாரமே "அந்தக் காசு சும்மாதான கிடக்குது"ன்னு எனக்கு ரெண்டு பேரு போன் அடிச்சாங்க. வயசான காலத்து காசு அது.

ஏற்கனவே வாங்கிட்டவங்களுக்கு: நேரடி விற்பனைல வாங்கினதுக்கு 10 வேலை நாள் வரைக்கும் யோசிச்சு கேன்சல் பண்ண சட்டத்துல இடம் இருக்கு, ஆர்டர் பாரத்த எடுத்து படிச்சுப் பாருங்க, கேன்சல் பண்றத எழுத்துல குடுங்க, ஒரு காப்பி வச்சுக்குங்க, பொருள பிரிக்காதீங்க. மெம்பரா சேர்ந்து ஸ்டாக் எடுத்தவங்க பொருள திருப்பி எடுத்துக்கற கம்பெனியோட பை-பேக் விதி என்னன்னு அப்லைன் கிட்ட கேக்காம நேரா கம்பெனி ஆபீஸ்ல கேளுங்க. தர மாட்டேன்னு இழுத்தா பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கு, ட்ரிபியூனல்னு சொல்வாங்க, 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் தேவையில்ல. பினாங்குல இருக்கறவங்க பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு போகலாம், தமிழ்லயே பேசலாம். கடன் கழுத்துக்கு மேல போயிருச்சுன்னா கள்ள வட்டிக்கு விடற ஆலோங் கிட்ட போகறதுக்கு முன்னாடி கடன் ஆலோசனை குடுக்கற ஏகேபிகேக்கு (AKPK) போங்க, 2006ல பேங்க் நெகாரா ஆரம்பிச்சது, ஆலோசனைக்கு காசு வாங்க மாட்டாங்க.

இது எல்லாத்துக்கும் நடுவுல கூட்டாளிய விட்டுறாதீங்க. பிஸ்னஸ் பேசாத நாள்ல நீங்களா போன் அடிங்க, பிள்ளைங்க பொறந்தநாளுக்கு போங்க, கோயில்ல பாத்தா ஒதுங்கிப் போகாதீங்க. அந்த உலகத்துக்குள்ள போனவங்களுக்கு பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரா கழண்டுகிட்டே இருப்பாங்க, கடைசில அப்லைனும் க்ரூப்பும் மட்டும்தான் மிச்சம் இருக்கும், அப்புறம் வெளிய வரணும்னு நினைச்சாலும் எங்க வர்றது, யார் கிட்ட வர்றது. என் கூட்டாளி ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு போன் அடிச்சா, ஒன்னும் பேசல, மூக்க உறிஞ்சற சத்தம் மட்டும் கேட்டுச்சு. நான் அப்பவே சொன்னேன்லன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். "சாப்பிட்டியா?"ன்னு கேட்டேன்.

மறுநாள் லீவு போட்டு அவ வீட்டுக்கு போனேன். பின் ரூம்ல பதினேழு பெட்டி, பிள்ளைங்க மெத்தைய செவத்தோட நிறுத்திட்டு அந்த இடத்துல அடுக்கியிருந்தா. ரெண்டு பேரும் தரைல உக்காந்து பிரிச்சது ஒரு பக்கம், பிரிக்காதது ஒரு பக்கம், எக்ஸ்பைரி தேதி வாரியா அடுக்கி, ரசீத எல்லாம் மாசக் கணக்குப் படி ஒரு பைல்ல போட்டோம், மத்தியானம் ஆயிருச்சு. ரெண்டு மாசம் கழிச்சு பிரிக்காத பதினொரு பெட்டிக்கு கொஞ்சம் காசு திரும்ப வந்துச்சு, போட்டதுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. பெட்டிங்கள பிரிச்சு அடுக்கின அன்னைக்கு சாயங்காலமே பிள்ளைங்க மெத்தைய திரும்ப அந்த ரூம்ல போட்டோம்.